வெட் டெக் ஆக வேண்டும் என்கிறாள் மகள்: அமெரிக்காவில் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியின் சுருக்கம்: "மகள் அடுத்த ஆண்டு ஹைஸ்கூல் முடிக்கிறாள். வெட்டரினரி டெக்னீஷியன் (சுருக்கமாக வெட் டெக், கால்நடை மருத்துவருக்கு உதவும் பயிற்சி பெற்ற பணியாளர்) ஆக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். வீட்டுக்கு அருகில் ஒரு கம்யூனிட்டி காலேஜ் (கட்டணம் குறைவான அரசு இரண்டாண்டுக் கல்லூரி), கொஞ்சம் தள்ளி ஒரு தனியார் கல்லூரி, ஆன்லைனில் ஒரு படிப்பு என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். எதை வைத்து முடிவு செய்வது? பின்னால் அவள் கால்நடை மருத்துவராக ஆசைப்பட்டால் இந்தப் படிப்பு உதவுமா?"

நான் இங்கே ஒரு கால்நடை மருத்துவமனையில் லைசென்ஸ் பெற்ற டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் எக்ஸ்டெர்ன்ஷிப்புக்கு, அதாவது படிப்பின் பகுதியான நேரடி வேலைப் பயிற்சிக்கு, வரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களுடைய செய்முறைப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. பல கல்லூரிகளிலிருந்து வருகிறார்கள். கல்லூரியின் பெயரை வைத்து யார் தேறுவார் என்று என்னால் சொல்ல முடிந்ததே இல்லை. எத்தனை விலங்குகளைத் தொட்டிருக்கிறார், தொடும்போது பக்கத்தில் யார் நின்று திருத்தினார் என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். உங்கள் மூன்று கல்லூரிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கதவு இருக்கிறது. படிப்புக்கு ஏவிஎம்ஏ, அதாவது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருப்பது வேறு. நல்ல பெயருள்ள, அரசுக் கடனுதவி கிடைக்கிற கல்லூரியிலேயே ஏவிஎம்ஏ அங்கீகாரம் இல்லாத படிப்பு ஒன்று இருக்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் வாங்க விடிஎன்இ என்ற தேசியத் தேர்வு எழுத வேண்டும். அதை எழுத வழக்கமான வழி, ஏவிஎம்ஏ அங்கீகாரம் பெற்ற படிப்பை முடிப்பதுதான். கலிஃபோர்னியா போன்ற சில இடங்களில் வேலை அனுபவத்தோடு குறிப்பிட்ட பாடங்களைப் படித்துவிட்டு எழுதும் மாற்று வழியும் உண்டு. ஆனால் அப்படிப் பெற்ற தகுதியை நாளை வேறு மாநிலம் ஏற்குமா என்பது அந்தந்த மாநில வாரியத்தின் கையில். பதினெட்டு வயதில் தொடங்குகிற பெண்ணுக்கு அந்தச் சிக்கல் எதற்கு?

அங்கீகாரத்திலும் நிலைகள் உண்டு. முழு அங்கீகாரம், புதிய படிப்புகளுக்கான ஆரம்பநிலை அங்கீகாரம், குறைகளைச் சரிசெய்யச் சொல்லி வைத்திருக்கும் கண்காணிப்பு நிலை. மூன்றுமே அங்கீகாரம்தான், முடித்தவர்கள் தேர்வு எழுதலாம். ஆரம்பநிலை என்றால் பயப்பட வேண்டாம். கண்காணிப்பு நிலை என்றால் மட்டும் காரணத்தை நேராகக் கேளுங்கள். ஆசிரியர் போய்விட்டாரா, கருவிகள் போதவில்லையா, தேர்ச்சி விகிதம் சரிந்ததா? மழுப்பாமல் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், சீக்கிரம் வந்துவிடும்" என்று சொல்லும் கல்லூரிக்கு இன்று அங்கீகாரம் இல்லை என்றே பொருள். ஏவிஎம்ஏ இணையதளத்தில் மாநிலவாரியாகப் பட்டியல் இருக்கிறது. கல்லூரி அச்சடித்த கையேட்டை நம்பாமல் அங்கேயே பாருங்கள்.

இன்னொரு பொறி இங்கேதான் இருக்கிறது. வெட்டரினரி அசிஸ்டென்ட் படிப்பும் வெட்டரினரி டெக்னீஷியன் படிப்பும் ஒன்றல்ல. அசிஸ்டென்ட் படிப்பு சில மாதங்களில் முடியும் சான்றிதழ். வேலை கிடைக்கும், நல்ல அனுபவமும் கிடைக்கும். ஆனால் அதை வைத்து விடிஎன்இ எழுத முடியாது. டெக்னீஷியன் படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டு அசோசியேட் டிகிரி. நான்கு ஆண்டு பேச்சலர் டிகிரி முடித்தவர்களைப் பொதுவாக டெக்னாலஜிஸ்ட் என்பார்கள். இருவரும் எழுதுவது ஒரே தேர்வு, பல மருத்துவமனைகளில் செய்வதும் ஒரே வேலை. விளம்பரங்களில் இந்தப் பெயர்களைக் கலந்து போடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கல்லூரியிடமும் ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்: "இதை முடித்தால் என் மகள் விடிஎன்இ எழுதலாமா?" ஆம் என்றால் மேலே பேசுங்கள்.

"கிளினிக்கிலேயே சேர்ந்து கற்றுக்கொள்ளலாமே, படிப்பு எதற்கு?" என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பல மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாதவர்களும் நிறைய வேலைகளைச் செய்கிறார்கள். ஆனால் சட்டம் கோடு போடுகிற இடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பது, பல் பிடுங்குவது, தோலில் தையல் போடுவது எல்லாம் மருத்துவரின் நேரடி மேற்பார்வையில் பதிவுபெற்ற டெக்னீஷியன் செய்யலாம், அசிஸ்டென்ட் செய்யக் கூடாது. இந்தத் தகுதிக்குப் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ஆர்விடி, நியூயார்க்கில் எல்விடி, பென்சில்வேனியாவில் சிவிடி. பெயர் மாறினாலும் விடிஎன்இ மதிப்பெண்ணை மாநிலம் விட்டு மாநிலம் எடுத்துப் போகலாம். கல்யாணம், வேலை என்று நாளைக்கு எங்கே போவாளோ, அப்போது அது கைகொடுக்கும்.

இனி, நான் முதலில் சொன்ன விஷயம். இந்த வேலையைப் புத்தகத்தில் கற்க முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். நாயின் முன்னங்காலில் ஐவி கதீட்டர், அதாவது திரவமும் மருந்தும் ஏற்ற ரத்தக்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நாயைப் பிடித்திருப்பவர் முழங்கைக்குப் பின்னால் கையை வைத்து, காலைப் பின்னே இழுக்க விடாமல் தாங்கி, கட்டைவிரலால் ரத்தக்குழாயை அழுத்தி, வெளிப்பக்கமாகச் சற்றே உருட்டிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது புடைத்து நிற்கும். ஊசி உள்ளே போனதும் பின்முனையில் ரத்தம் எட்டிப் பார்க்கும். புதியவர்கள் அவசரப்படுவது அந்த நொடியில்தான். ரத்தம் வந்துவிட்டது என்று உடனே பிளாஸ்டிக் குழாயை நழுவ விடுவார்கள். ஊசியின் நுனி மட்டும் உள்ளே இருக்கும், குழாயின் நுனி இன்னும் வெளியே நிற்கும். திரவத்தை ஏற்றினால் தோலுக்கு அடியில் வீங்கும். ஊசியையும் குழாயையும் சேர்த்தே இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே கொண்டுபோய், அதன் பிறகு குழாயை மட்டும் தள்ள வேண்டும். இது ரப்பர் காலில் செய்தால் வராது. ரப்பர் கால் அசையாது, பயப்படாது, அதன் ரத்த அழுத்தம் குறையாது. நீர்ச்சத்து வற்றிய கிழட்டுப் பூனையின் கால் இதையெல்லாம் செய்யும்.

மயக்க மருந்தைக் கண்காணிப்பதும் அப்படித்தான். மாணவர்கள் பெரும்பாலும் மானிட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திரை பாட்டுக்கு எண்களைக் காட்டும். தாடையைத் திறந்து பார்த்தால் எவ்வளவு இறுக்கம், இமை ஓரத்தைத் தொட்டால் சிமிட்டுகிறதா, கருவிழி கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறதா அல்லது நடுவில் நிற்கிறதா, ஈறு என்ன நிறம், அழுத்தி விட்டால் எவ்வளவு சீக்கிரம் சிவப்பு திரும்புகிறது என்று விலங்கையே பார்க்கக் கற்றவர்தான் ஆபத்தை முதலில் கண்டுகொள்வார். இதைச் சொல்லித்தர அனுபவமுள்ள ஒருவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு ஆசிரியருக்கு இருபது மாணவர் என்றால் அது நடக்காது.

ஆகவே கல்லூரியை நேரில் போய்ப் பார்க்கும்போது வகுப்பறையை விட்டுவிடுங்கள், செய்முறை அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு செய்முறை வகுப்பில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? அவர் லைசென்ஸ் உள்ள டெக்னீஷியனா? உயிருள்ள விலங்குகளோடு எந்தப் பருவத்தில் தொடங்குகிறார்கள்? ஒரு மாணவி முடிப்பதற்குள் எத்தனை முறை தானே மயக்க மருந்தைக் கண்காணித்திருப்பாள்? கடைசிக் கேள்விக்கு எண்ணாகப் பதில் வர வேண்டும். "நிறைய வாய்ப்பு கிடைக்கும்" என்ற பதில் எனக்குப் போதாது.

விலங்குகள் எங்கிருந்து வருகின்றன என்றும் கேளுங்கள். பல நல்ல கல்லூரிகள் காப்பகங்களிலிருந்து நாய், பூனைகளைக் கொண்டுவந்து, மாணவர்களே பராமரித்து, மருத்துவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யும்போது உடனிருந்து, பிறகு நல்ல வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கின்றன. மாணவிக்குக் கை பழகுகிறது, விலங்குக்கும் வாழ்க்கை கிடைக்கிறது. இதைப் பற்றிக் கேட்டால் அந்த ஆசிரியர்களின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அங்கே உங்கள் மகள் சந்தோஷமாக இருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

நாய், பூனை மட்டும் போதாது என்பதையும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏவிஎம்ஏ வைத்திருக்கும் கட்டாயச் செய்முறைப் பட்டியலில் குதிரை, மாடு, எலி, முயல் எல்லாம் உண்டு. நகரத்துக் கல்லூரிகள் இதற்குப் பண்ணைகளோடு ஏற்பாடு செய்துகொள்ளும். ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்று விசாரியுங்கள். ஒரே நாள் பண்ணைக்குக் கூட்டிப்போய் வேடிக்கை பார்க்க வைத்துவிட்டுத் திரும்பும் இடங்களும் உண்டு.

அடுத்தது தேர்ச்சி விகிதம். ஒவ்வொரு அங்கீகாரம் பெற்ற படிப்பும் விடிஎன்இ தேர்வில் முதல் முறையிலேயே தேறியவர்களின் மூன்றாண்டு விகிதத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும், எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் சேர்த்து. இதைப் பாருங்கள், ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். நாற்பது பேர் சேர்கிறார்கள். இருபத்தைந்து பேர் இடையில் நின்றுவிடுகிறார்கள். மீதிப் பதினைந்து பேரில் பதினான்கு பேர் தேறுகிறார்கள். இணையதளத்தில் 93 சதவீதம் என்று இருக்கும். நின்றுபோன இருபத்தைந்து பேரின் பணமும் காலமும் அந்த எண்ணில் தெரியாது. அதனால் "எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள்?" என்பதுதான் உண்மையான கேள்வி. மறுபக்கம், 70 சதவீதம் என்று போட்டிருக்கும் ஒரு கல்லூரி, சேர்ந்தவர்களில் பெரும்பாலோரைக் கைப்பிடித்து முடிக்க வைத்திருந்தால் நான் அதைத்தான் மதிப்பேன்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 170 கேள்விகள், அதில் 20 சோதனைக் கேள்விகள் என்பதால் மதிப்பெண்ணில் சேராது. மூன்று மணி நேரம். மயக்க மருந்து, மருந்தகம், அறுவை சிகிச்சைப் பணி, பல், லேப், எக்ஸ்ரே, அவசர சிகிச்சை, வலி நிவாரணம், விலங்குப் பராமரிப்பு என்று எல்லாவற்றிலிருந்தும் கேட்பார்கள். மனிதர்களுக்கான மருத்துவமனையில் நர்ஸ், லேப் பணியாளர், எக்ஸ்ரே பணியாளர், பல் சுத்தம் செய்பவர் என்று தனித்தனி ஆட்கள் செய்வதையெல்லாம் ஒரு வெட் டெக் ஒரே நாளில் செய்கிறார். பாடத்திட்டம் கனமாக இருப்பது அதனால்தான். மருந்தளவுக் கணக்குப் போடத் தடுமாறினால் ஹைஸ்கூலிலேயே கணக்கைச் சரிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். இடையில் நிற்பவர்களில் பலரும் தடுமாறுவது கணக்கிலும் வேதியியலிலும்தான், விலங்குகளிடம் அல்ல.

சரி, உங்கள் மூன்றுக்கு வருவோம்.

கம்யூனிட்டி காலேஜ் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், மற்ற இரண்டும் அதைவிட ஏன் மேல் என்று தங்களை நிரூபிக்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் பணம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2023 மே மாதத்துக்குச் சொன்ன கணக்கில் இந்தத் தொழிலின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 43,740 டாலர். இதைக் கேட்டுச் சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பை அவளிடம் காட்டாதீர்கள். ஆனால் கடனைத் தீர்மானிக்கும்போது இந்த எண்ணை மறக்காதீர்கள். ஐம்பது, அறுபதாயிரம் டாலர் கடனோடு இந்தச் சம்பளத்தில் தொடங்குவது பெரிய பாரம். நல்ல வேலைக்காரர்கள் இந்தத் தொழிலைவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விலங்குகள் மீது அன்பு குறைந்துபோகவில்லை, மாதத் தவணைதான் கட்டுப்படியாகவில்லை.

கம்யூனிட்டி காலேஜில் கவனிக்க வேண்டியது இடம். கல்லூரியில் சேர்வதும் வெட் டெக் படிப்பில் சேர்வதும் வேறு வேறு. முன்பாடங்களை முடித்து, சில இடங்களில் கிளினிக்கில் இத்தனை மணி நேரம் பார்வையாளராக இருந்ததற்குச் சான்று கொடுத்து, பிறகு போட்டியில் இடம் வாங்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறைதான் புதிய அணியை எடுக்கும் கல்லூரிகள் பல. ஒரு பாடத்தில் தேவையான மதிப்பெண் வராவிட்டால் அந்தப் பாடம் மறுபடி வர ஓராண்டு காத்திருக்க வேண்டும். இரண்டாண்டுப் படிப்பு மூன்று, நான்கு ஆண்டாவது இப்படித்தான். இதைப் பற்றிச் சேருமுன்பே ஆலோசகரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

தனியார் கல்லூரியில் இடம் சுலபமாகக் கிடைக்கும், சீக்கிரமும் முடியலாம். வசதிகள் உண்மையிலேயே நன்றாக இருக்கும் இடங்களும் உண்டு. இரண்டு விஷயம் பாருங்கள். மொத்தச் செலவை, கட்டணம், கருவி, சீருடை, புத்தகம் எல்லாம் சேர்த்து, எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், அங்கே படித்த பாடங்களை வேறு கல்லூரிகள் ஏற்குமா என்று அந்த வேறு கல்லூரிகளிடமே கேளுங்கள், இவர்களிடம் கேட்காதீர்கள். பிறகு பேச்சலர் டிகிரிக்கோ வேறு துறைக்கோ போக நினைத்தால் அது முக்கியமாகிவிடும். "இன்றே கையெழுத்துப் போட்டால்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆன்லைன் படிப்பைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் படிப்பு மட்டமானது அல்ல. பர்டூ பல்கலைக்கழகமும் நியூ மெக்சிகோவின் சான் வான் கல்லூரியும் தொலைநிலையில் நடத்துகின்றன. பாடம்தான் ஆன்லைனில், கைவேலை முழுக்க ஒரு நிஜ மருத்துவமனையில். ஒவ்வொரு செய்முறையையும் அங்கே செய்து, சொன்னபடி வீடியோ எடுத்து, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அந்த மருத்துவமனையைப் பொதுவாக மாணவியே தேடிப்பிடிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு கிளினிக்கில் அசிஸ்டென்ட்டாக வேலை செய்து, அங்குள்ள மருத்துவரும் டெக்னீஷியன்களும் கற்றுத்தர முன்வருகிறவர்களுக்கு இது அருமையான வழி. எங்களிடம் அப்படி வந்தவர்கள் சிலர் மிகத் திறமையானவர்கள். பள்ளி முடித்த கையோடு, எந்தக் கிளினிக்கிலும் காலடி வைக்காத பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது கடினம். பாதியில் நிற்பதற்கு ஆயிரம் காரணம் வரும், தட்டிக்கேட்க ஆளிருக்காது. குதிரைக்கும் மாட்டுக்கும் தனியே ஓர் இடம் தேட வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

ஆகவே என் வரிசை: அங்கீகாரம் இருக்கும் பட்சத்தில் கம்யூனிட்டி காலேஜ் முதலில். அங்கே இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொன்னால், அந்த நேரத்தில் ஒரு கிளினிக்கில் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்துகொண்டு ஆன்லைன். கடன் அளவோடு இருந்து, செய்முறை அறை உங்களைத் திருப்திப்படுத்தினால் மட்டும் தனியார்.

எதிலும் சேரும் முன் ஒன்று செய்யுங்கள். இந்தக் கோடையில் அவளை ஒரு மருத்துவமனையிலோ காப்பகத்திலோ சில வாரம் தன்னார்வலராகப் போகச் சொல்லுங்கள். நாய்க்குட்டிகளோடு விளையாடும் நேரம் இந்த வேலையில் கொஞ்சம்தான். கூண்டு கழுவ வேண்டும், மலப் பரிசோதனை செய்ய வேண்டும், நாற்பது ஐம்பது பவுண்டு தூக்க வேண்டும், கடியும் கீறலும் வாங்க வேண்டியிருக்கும். கருணைக் கொலையின்போது ஒரு கையால் நாயை அணைத்துக்கொண்டு, அழுகிற உரிமையாளருக்கு மறுகையால் டிஷ்யூ நீட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகும் "இதுதான் வேண்டும்" என்றால், அவள் தெரிந்துதான் சொல்கிறாள். செலவுக் கணக்கில் ரேபிஸ் முன்தடுப்பு ஊசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகள் கேட்கின்றன, காப்பீடு ஏற்காவிட்டால் விலை சுள்ளென்று இருக்கும்.

கடைசியாக, கால்நடை மருத்துவர் ஆவது பற்றி. இந்தப் படிப்பு அதற்கான குறுக்குவழி அல்ல. அமெரிக்காவில் டிவிஎம் என்ற கால்நடை மருத்துவப் பட்டம் பொதுவாக நான்கு ஆண்டுப் படிப்பு. அதற்கு முன்னால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, இயற்பியல் போன்ற முன்பாடங்களைப் பல்கலைக்கழக அளவில் முடித்திருக்க வேண்டும். அசோசியேட் டிகிரியில் படிக்கும் தொழில்முறைப் பாடங்கள் அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேராது. டெக்னீஷியனாக வேலை செய்த அனுபவம் விண்ணப்பத்தில் நன்றாகப் பேசும், அவ்வளவுதான். இப்போதே மருத்துவராகத்தான் வேண்டும் என்று அவள் மனதில் இருந்தால் நேராக அறிவியல் பேச்சலர் டிகிரிக்குப் போவதே காலத்தை மிச்சப்படுத்தும். இரண்டுக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும் என்றால், வெட்டரினரி டெக்னாலஜியில் நான்கு ஆண்டுப் படிப்புள்ள பல்கலைக்கழகத்தைப் பார்த்து, முன்பாடங்களையும் அதற்குள் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஆனால் அவள் கேட்டது மருத்துவர் வேலை அல்ல, டெக்னீஷியன் வேலை. மேலே போக இதற்குள்ளேயே வழி இருக்கிறது. சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அவசர சிகிச்சை, மயக்க மருந்து, பல் மருத்துவம் போன்ற பிரிவுகளில் விடிஎஸ் என்ற சிறப்புத் தகுதி பெறலாம். ஆய்வுக்கூடம், விலங்குக் காட்சியகம், பல்கலைக்கழக மருத்துவமனை, கற்பித்தல் என்றும் போகலாம். உங்கள் மாநிலம் எது என்றும், அந்த மூன்று கல்லூரிகளின் பெயர்களையும் எழுதினால், அந்த மாநில வாரியத்தின் விதிகளையும் மூன்றின் தேர்ச்சி விகிதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.